கோதையாற்றிலிருந்து பொழிமுகம் வரை: நாஞ்சில் நாட்டில் ஸ்பிரின்ட் கயாக்

ஸ்பிரின்ட் கயாக் என்பது அலையற்ற நீரில் நேர்க்கோட்டில் விரைவதற்கென்றே செய்யப்பட்ட படகு. பந்தய தூரங்கள் 200, 500, 1000 மீட்டர். ஒருவர் செலுத்தும் கே-1 படகு 5.20 மீட்டருக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. எடை 12 கிலோவுக்குக் குறையக் கூடாது. இருவருக்கான கே-2 படகுக்கு 6.50 மீட்டர், 18 கிலோ. நால்வருக்கான கே-4 படகுக்கு 11 மீட்டர், 30 கிலோ. கயாக்கில் செலுத்துபவர் முன்னோக்கி அமர்ந்து, கால்களை நீட்டி, இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போடுகிறார். இதே போட்டிகளில் வரும் இன்னொரு வகையான கனோவில், ஒரு முழங்காலில் நின்று ஒற்றை அலகுத் துடுப்பை ஒரே பக்கம் போட வேண்டும்.

கயாக்கின் மூலம் ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் வேட்டைக்காரர்கள் கடல்நாய்த் தோல் போர்த்திச் செய்த படகு. 1865-இல் ஜான் மெக்ரெகர் என்ற ஸ்காட்டிஷ் வழக்கறிஞர் ‘ராப் ராய்’ என்று பெயரிட்ட மரப்படகில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றி வந்து அதைப் பற்றி எழுதிய பிறகு, அங்கே அது பொழுதுபோக்காகப் பரவியது. 1924-இல் கோபன்ஹேகனில் சர்வதேச அமைப்பு உருவானது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டானது. படகுக்குக் குறைந்தபட்ச அகலம் இருக்க வேண்டும் என்ற பழைய விதி 2000 சிட்னி ஒலிம்பிக்குக்குப் பின் நீக்கப்பட்டது. அதன்பின் படகுகள் மேலும் ஒடுங்கின. இன்றைய பந்தயக் கே-1 படகின் அகலம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்தான்.

தொடக்கக்காரரின் முதல் சிக்கல் இந்த அகலத்தில் இருக்கிறது. முதல் நாள் பந்தயக் கே-1 படகில் அமர்பவர் சில நொடிகளில் நீருக்குள் இருப்பார். அவருடைய உடல் வலுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆகவே பயிற்சிப் படகுகள் அகலமாகச் செய்யப்படுகின்றன. போர்ச்சுகலின் நெலோ நிறுவனம் செய்யும் வைப்பர் வரிசையில் 60, 55, 51, 46 என்று அகலமே படகின் பெயராக இருக்கிறது. அகன்ற படகில் தொடங்கி, அதில் தடுமாற்றம் நின்றபின் ஒரு படி ஒடுங்கிய படகுக்கு மாறுவதே முறை. படகைப் போலவே நீரையும் படிப்படியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலையடிவாரத்துக்கும் கடலுக்கும் இடையே அணை, தடுப்பணை, ஆறு, கால்வாய், பொழிமுகம், குளம் என்று எல்லா வகை நீரும் ஒரே நாளில் பார்த்து முடிக்கும் தொலைவில் உள்ள மாவட்டம் கன்னியாகுமரி. எந்த நீர் எதற்கு உதவும், எது உதவாது என்பதை இங்கே ஒரே பயணத்தில் கண்டுகொள்ளலாம்.

நாகர்கோவிலில் இருந்து தக்கலை, குலசேகரம் வழியாகச் செல்லும் சாலை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறிப் பேச்சிப்பாறையை அடைகிறது. கோதையாற்றின் குறுக்கே 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த இந்த அணை, மூலம் திருநாள் மகாராஜா காலத்துத் திருவிதாங்கூரின் பெரிய பாசனப் பணி. அதை முன்னின்று கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த இந்த நீர்ப்பரப்பின் முன் நின்றால் ஸ்பிரின்ட் பந்தயக் களத்தின் அளவு புரியும். தலா 9 மீட்டர் அகலத்தில் 9 ஓடுபாதைகள். ஆக 81 மீட்டர் அகலமும் ஆயிரம் மீட்டர் நீளமும், அதற்கு அப்பால் படகு வேகம் குறைந்து நிற்க இடமும் தேவை. ஆழமும் வேண்டும்; தரை மேலே வரவர, படகு எழுப்பும் அலை தரையில் உரசி வேகத்தை இழுத்துப் பிடிக்கும். இப்படிப்பட்ட களத்தில்தான் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹங்கேரியின் பாலின்ட் கோபாஸ் கே-1 ஆயிரம் மீட்டரை 3 நிமிடம் 20.643 நொடியில் கடந்தார்.

ஆனால் அணைநீர் விளையாட்டுக்காகத் தேக்கியது அல்ல. பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. கன்னிப்பூ நெல் சாகுபடிக்காக ஜூன் தொடக்கத்தில் திறந்து, அடுத்த போகமான கும்பப்பூ முடியும் பிப்ரவரி இறுதியில் அடைப்பது வழக்கம். கோடையில் நீர் இறங்கும்போது, மழைக்காலத்தில் மூழ்கியிருந்த பாறைகளும் மரக்கட்டைகளும் மேலே வரும். கே-1 படகின் உடல் கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த மெல்லிய ஓடு. அடியில் துருத்தி நிற்கும் சுக்கான் ஒரு கல்லில் தட்டினாலே வளைந்துவிடும். அணை நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளது, சுற்றிலும் காப்புக்காடு. எழுத்துமூலம் அனுமதி பெறாமல் இங்கே படகை இறக்க முடியாது. மதகுப் பக்கமும் உபரிநீர் வழியும் அனுமதி பெற்றவரும் நெருங்கக் கூடாத இடங்கள்.

குலசேகரத்துக்குத் திரும்பும் வழியில் திற்பரப்பு. அருவி எல்லாரும் அறிந்தது. அதற்குக் கால் கிலோமீட்டர் மேலே, வயல்களுக்கு நீர் திருப்ப ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பணை இருக்கிறது. அதன் பின்னால் மரநிழல் விழும் தேங்கிய நீரில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. காற்று படாத, ஓட்டம் தெரியாத இத்தகைய நீர்தான் முதல் பாடத்துக்கு ஏற்றது. அதே இடம் முதல் எச்சரிக்கையும் தருகிறது. தடுப்பணையின் விளிம்பில் நீர் கண்ணாடி போல வழிந்தாலும், அந்த விளிம்பை நோக்கி ஓர் இழுப்பு எப்போதும் இருக்கும். மழை நாளில் அந்த இழுப்பு கூடும். கவிழ்ந்தவர் படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கும்போது எந்தப் பக்கம் போய்ச் சேர்வார் என்பதைக் கரையில் நிற்கும்போதே கணக்கிட்டுவிட வேண்டும்.

முதல் பாடம் படகில் அமர்வது. படகைப் படித்துறைக்கு ஒட்டி நிறுத்தி, துடுப்பைக் கை எட்டும் தொலைவில் கரையில் வைக்க வேண்டும். ஒரு கை படித்துறையில் ஊன்றியிருக்க, மறு கை படகின் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பற்ற வேண்டும். படகின் நடுக்கோட்டில், இருக்கைக்கு முன்னால் ஒரு பாதத்தை வைத்து, தயங்காமல் இடுப்பை இருக்கையில் இறக்க வேண்டும். அப்புறம்தான் மற்றக் கால். பாதங்கள் முன்னாலுள்ள பலகையில் பதிந்திருக்கும். அவற்றுக்கு நடுவே, கால்விரல்களால் தள்ளும்படி ஒரு சிறு தண்டு. இடப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். தண்டிலிருந்து கம்பி பின்னால் ஓடிச் சுக்கானைத் திருப்புகிறது. துடுப்பை எடுத்துக் கையில் பிடிக்கும் வரை கரையில் ஊன்றிய கையை விடக் கூடாது.

அமர்ந்தவுடன் படகு இடுப்புக்குக் கீழே நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கம் படகில் இல்லை. விறைத்துப்போன தொடையிலும் இடுப்பிலும் இருக்கிறது. அப்போது எல்லாரும் செய்வது துடுப்பை மேலே தூக்கிக்கொண்டு விளிம்பைப் பிடிப்பது. அதுவே கவிழ்க்கிறது. அலகைத் தட்டையாக நீர்மேல் விரித்து வைத்தால் அதுவே ஊன்றுகோல். பார்வை படகின் முன்முனையான அணியத்துக்கு அப்பால் தொலைவில் இருக்க வேண்டும். பாதத்தைப் பார்த்தால் தடுமாற்றம் கூடும். இருக்கையைத் தாழ்த்தி வைத்தால் நிலை கூடும். உயர்த்தி வைத்தால் துடுப்புப் போட வசதி, ஆனால் நிலை குறையும். தொடக்கக்காரருக்குத் தாழ்ந்த இருக்கை.

இரண்டாம் பாடம் கவிழ்வது. மார்பளவு நீரில், உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கவிழ்ந்து பழக வேண்டும். கே-1 படகில் இடுப்பைச் சுற்றி மூடும் துணி தொடக்கத்தில் கட்டுவதில்லை. ஆகவே ஆள் தானாக வெளியே வந்துவிடுவார். துடுப்பையும் படகையும் விடாமல் நீந்திக் கரைக்குத் தள்ள வேண்டும். ஆழத்தில் திரும்ப ஏற முயல்வது வீண். கரையில் படகைக் கவிழ்த்து, இரு முனைகளையும் இருவர் மாறி மாறி உயர்த்தினால் நீர் வடியும். படகின் இரு முனைகளிலும் காற்றுப்பையோ நுரைக்கட்டியோ அடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் நிரம்பிய படகு மூழ்கும். ஆடையோடு நீந்தத் தெரியாதவர் இந்த விளையாட்டைத் தொடங்கக் கூடாது. நீந்தத் தெரிந்தவரும் தொடக்கத்தில் மிதவைச் சட்டை இல்லாமல் இறங்கக் கூடாது.

திற்பரப்பைத் தாண்டிய ஆறு குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டினத்தை நோக்கி இறங்குகிறது. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இதற்குத் தாமிரபரணி என்றும் குழித்துறையாறு என்றும் பெயர். கடலை நெருங்க நெருங்க ஆறு அகன்று வேகம் குறையும், இருகரையும் தென்னை. கடலோரமாக ஏவிஎம் கால்வாய் என்று ஊரார் சொல்லும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் வந்து சேர்வது இந்தப் பகுதியில்தான். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க 1860-இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில் தொடங்கிய பணி முடிவடையவே இல்லை. வெட்டி முடித்த பகுதிகளும் இன்று பல இடங்களில் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கின்றன.

நேராக வெட்டிய கால்வாய், தூர்வாரி வைத்திருந்தால், ஸ்பிரின்ட் கயாக்குக்கு மிக நல்ல பள்ளிக்கூடம். இரு கரையும் அருகில் இருப்பதால் அச்சம் குறையும், காற்று படாது, படகு நேர்க்கோட்டில் போகிறதா என்பது கரையைப் பார்த்தே தெரியும். கயாக் ஓட்டம் பரவிய ஐரோப்பிய நாடுகளில் கால்வாய்க்கரைக் கழகங்கள் ஏராளம். இங்கே ஏவிஎம் கால்வாயின் இன்றைய நிலையில் குப்பையும் நீர்த்தாவரமும் சுக்கானில் சுற்றிக்கொள்ளும். தேங்கிய அழுக்கு நீரில் எலிக்காய்ச்சல் பரவும் ஆபத்தும் உண்டு. காலில் ஆறாத புண் இருப்பவர் அத்தகைய நீரில் இறங்கக் கூடாது.

தேங்காய்ப்பட்டினத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தை ஒட்டி மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. விசைப்படகு ஒன்று கடந்து சென்றால் அதன் பின்னால் வரும் அலை, கரையில் நிற்பவருக்கு ஒன்றுமே இல்லை. 40 சென்டிமீட்டர் படகுக்கு அது பெரிது. பக்கவாட்டில் வரும் அலைக்குப் படகைத் திருப்பி அணியத்தைக் காட்ட வேண்டும்; திருப்ப நேரம் இல்லாவிட்டால் அலகை நீர்மேல் தட்டையாக வைத்துக் காத்திருக்க வேண்டும். வற்றம் தொடங்கும் நேரத்தில் பொழிமுகத்து நீர் கடலை நோக்கி இழுக்கும். அந்த நேரத்தில் பயிற்சிக்கு இறங்குவது வினையை விலைக்கு வாங்குவதுதான்.

மேற்குக் கடற்கரைச் சாலை அங்கிருந்து குளச்சல், மண்டைக்காடு, முட்டம், இராஜாக்கமங்கலம் வழியாக மணக்குடிக்குப் போகிறது. இந்தக் கடற்கரை துடுப்பு அறியாத கரை அல்ல. எடை குறைந்த மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தில், அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போன தலைமுறைகள் இங்கே வாழ்ந்தன. பிளந்த மூங்கிலையே துடுப்பாக்கி, அதன் இரு முனைகளையும் இடமும் வலமுமாக மாற்றிப் போடுவது கட்டுமரக்காரரின் முறை. கயாக்கின் இரட்டை அலகுத் துடுப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜிலே உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து பிளைவுட் படகுகளைச் செய்து கடலில் இறக்கினார். பெருமரம் கிடைப்பது அரிதான காலத்தில் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் அது மாற்றாக அமைந்தது.

ஆயினும் கடல் ஸ்பிரின்ட் கயாக்குக்கு உரிய இடம் இல்லை. அலை வந்து நிரப்பினால் அந்தப் படகில் நீரை வெளியேற்ற வழி கிடையாது. கடலுக்கென்றே சர்ஃப்ஸ்கி என்ற வேறு வகை உண்டு. மேல்பக்கம் மூடி, அமரும் குழி மட்டும் திறந்து, உள்ளே வரும் நீர் ஓட்டத்திலேயே வெளியேறும்படி அது செய்யப்படுகிறது. குமரிக் கடற்கரையில் வானம் தெளிவாக இருக்கும்போதே தொலைதூரப் புயல்கள் எழுப்பிய பேரலை வந்து ஏறும் கள்ளக்கடல் அடிக்கடி நிகழ்கிறது. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் அதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. சர்ஃப்ஸ்கிக்காரரும் அதைப் பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

மணக்குடியில் பழையாறு கடலில் சேர்கிறது. மேல மணக்குடியையும் கீழ மணக்குடியையும் இணைத்த பாலத்தை 2004 சுனாமி அடித்துச் சென்றது. பின்னர் புதிய பாலம் வந்தது. பாலத்துக்கு உள்பக்கம் காயல், அலையாத்திச் செடிகள், அப்பால் புத்தளத்து உப்பளங்கள். பொழிமுகத்தை மணல்திட்டு அடைத்திருக்கும் மாதங்களில் காயல் ஏறக்குறைய அசையாத நீர். துடுப்புப் போடும் முறையைச் சொல்லிக்கொடுக்க இத்தகைய நீர் போதும்.

கயாக் துடுப்பைக் கையால் இழுப்பதாக எண்ணுவது தவறு. வலப்பக்கம் அலகு இறங்கும் முன் வலத்தோள் முன்னால் வந்திருக்க வேண்டும். அதாவது இடுப்புக்கு மேலுள்ள உடல் முழுதும் திரும்பியிருக்க வேண்டும். அலகு பாதத்துக்கு நேராக, படகுக்கு மிக அருகில் நீரில் இறங்கும். முழுதாக மூழ்கிய பிறகே உடல் திரும்பத் தொடங்க வேண்டும். அதே நொடியில் வலக்கால் பலகையை உந்தும். அலகு இடுப்புக்கு நேரே வந்ததும் பக்கவாட்டில் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னும் இழுத்தால் அது நீரை மேலே அள்ளிப் படகைக் கீழே அழுத்தும். கை கிட்டத்தட்ட நீட்டியபடியே இருக்கும்; களைப்பு முதலில் விலாவிலும் முதுகிலும் தெரிந்தால் முறை சரி, முன்கையில் தெரிந்தால் தவறு.

பந்தயத் துடுப்பின் அலகு தட்டை அல்ல. எண்பதுகளில் சுவீடனில் உருவான விங் எனப்படும் வகை, ஒரு விளிம்பு சுருண்டு, விமான இறக்கையின் குறுக்குவெட்டில் இருக்கும். அது நீரில் படகை விட்டு வெளிப்பக்கமாக நகரும்போது முன்னோக்கிய தூக்குவிசை கிடைக்கிறது, நழுவல் குறைகிறது. ஆனால் ஊன்றுகோலாக நீர்மேல் விரித்து வைக்க அது தட்டை அலகைப் போல ஒத்துழைக்காது. ஆகவே முதல் வாரங்களுக்குத் தட்டை அலகு, அமர்வு உறுதியானபின் சிறிய விங் என்பது நல்ல வரிசை. நிமிர்ந்து நின்று கையை மேலே தூக்கினால் விரல்கள் அலகின் மேல்விளிம்பில் மடங்கும் உயரமே துடுப்பின் தோராயமான அளவு.

மணக்குடியில் இருந்து உள்நாட்டுக்குத் திரும்பினால் சுசீந்திரம், தேரூர். குளங்கள் நிறைந்த நாஞ்சில் நாட்டின் நடுப்பகுதி இது. பார்த்தவுடன் கயாக்குக்கு ஏற்றவை என்று தோன்றும். ஆனால் சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலங்கள். வலசைப் பறவைகளின் தங்குமிடங்கள். குளிர்காலத்தில் பறவைகள் இருக்கும் நீரில் படகு ஓட்டுவது அவற்றை விரட்டுவதாகும். மற்றக் குளங்கள் பலவற்றில் தாமரை அடர்ந்திருக்கும். தண்டு சுக்கானைப் பூட்டிவிடும். குளம் பாசனத்துக்கு உரியது. ஊராரிடமும் துறையிடமும் கேட்காமல் எந்தக் குளமும் பயிற்சிக் களம் ஆகாது.

நாஞ்சில் நாட்டின் கிழக்கு எல்லையில் ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும். மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மலை இடைவெளியில் நெருக்கப்பட்டு வேகமெடுப்பதால்தான் முப்பந்தலில் 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் ஊரில், அந்த மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பில் 12 கிலோ படகை நேராக நிறுத்த முடியாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. இரண்டும் ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை, கதிர் எழுவதற்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள நேரமே தொடக்கக்காரருக்கு உரிய நேரம்.

விளையாட்டை முறையாகக் கற்க விரும்புபவர் நாகர்கோவிலில் ரயில் ஏறி, திருவனந்தபுரம், கொல்லம், காயங்குளம் வழியாக ஆலப்புழைக்குப் போகலாம். 1956 நவம்பர் 1 வரை இரண்டு ஊரும் ஒரே மாநிலத்தில் இருந்தவை. 1952-இல் நேரு வந்தபோது தொடங்கிய நேரு கோப்பைப் படகுப் போட்டியான வள்ளங்களி நடக்கும் புன்னமடைக் காயலின் கரையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர் விளையாட்டுப் பயிற்சி மையம் இயங்குகிறது. கயாக், கனோ, ரோயிங் எனும் துடுப்புப் படகோட்டம் மூன்றுக்கும் அங்கே பயிற்சி உண்டு. வடக்கே போபாலின் ஏரிகள் நாட்டின் இன்னொரு பெரிய மையம்.

1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் சிஜி சதானந்தனும் ஜானி ராம்மெலும் கனோ இருவர் 1000 மீட்டரில் வென்ற வெண்கலம், இந்த விளையாட்டில் இந்தியாவின் முதல் ஆசிய விளையாட்டுப் பதக்கம். அதே பிரிவில் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் அடுத்த வெண்கலத்தை வென்றது 2023-இல் ஹாங்சோவில். இடையில் 29 ஆண்டுகள். மாற்றுத்திறனாளிகள் பிரிவில் குவாலியரின் பிராச்சி யாதவ் டோக்கியோ பாராலிம்பிக் இறுதிச் சுற்று வரை சென்றார். 2023 ஆசிய பாரா விளையாட்டில் கயாக்கில் தங்கம் வென்றார். கால்கள் இயங்காதவரும் தக்க இருக்கை அமைப்போடு இந்தப் படகைச் செலுத்த முடியும்.

தொடக்கப் பயிற்சியின் வரிசை எளிது. முதல் கட்டம் அகன்ற படகில் அமர்வு, கவிழ்வு, கரையேற்றம். இரண்டாம் கட்டம் மெதுவாக, நிற்காமல் அரைமணி நேரம் நேர்க்கோட்டில் செல்வது. மூன்றாம் கட்டத்தில்தான் 200 மீட்டர் வேக ஓட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு நிதானத்துக்கு வரும் வரை ஓய்வு. வேகம் கூடும்போது முறை குலைந்தால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்த வேண்டும். குலைந்த முறையே பழகிவிடும். தனியாக நீரில் இறங்கக் கூடாது. கரையில் ஓர் ஆளும் வீசி எறியக் கயிறும் எப்போதும் வேண்டும். கே-2 படகில் அனுபவசாலியின் முன்னாலோ பின்னாலோ அமர்ந்து ஓட்டுவது தாளத்தைக் கற்க விரைவான வழி.

போட்டிக்குச் செல்ல இந்தியக் கயாக்கிங் கனோயிங் சங்கத்துடன் இணைந்த மாநில அமைப்பு வழியாகப் பதிவு செய்ய வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து மாணவர் முதலில் அணுக வேண்டிய இடம் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகம். கே-1 படகு இறக்குமதிப் பொருளாக வரும்போது தனி ஒருவருக்குக் கட்டுப்படியாகாத விலை. ஆகவே சொந்தப் படகு வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளி, மையத்தின் படகில் ஒரு பருவம் முழுதும் பழகி, எந்த அகலத்தில் தடுமாறாமல் 500 மீட்டர் ஓட முடிகிறது என்பது தெரிந்தபின் அந்த அகலத்தில் வாங்குவதே முறை.